எண்ணூர் சேற்றில் கன உலோகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் இறாலை வாங்கலாமா என்று கேட்பவர்கள், அலையாத்தி நட்டால் எல்லாம் சரியாகிவிடுமாமே என்பவர்கள், தண்ணீர் நார்மல் என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறதே என்று சண்டைக்கு வருபவர்கள், இப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அவசரமென்றால் தண்ணீர் ரிப்போர்ட் பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பதுதான்.

எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலோடு சேருகிற எண்ணூர் கழிமுகம். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் "ஆறு", வாய்ப்பகுதி "முகத்துவாரம்". தெற்கு வடக்காகப் போகிற பக்கிங்காம் கால்வாய் இங்கே ஆற்றோடு கலந்து, மேலே பழவேற்காடு ஏரி வரை நீர்வழி நீள்கிறது. நடுவில் உப்பளம், சேற்றுத்திட்டு, ஓரங்களில் அலையாத்தி. பிச்சாவரம் மாதிரி படகு சவாரிக்கு ஆள் வருகிற அடர்ந்த காடு இல்லை, துண்டு துண்டாக நிற்கிற வெண்கண்டல்தான் பெரும்பாலும். அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள்: 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் நிறுத்தப்பட்ட பழைய எண்ணூர் அனல் மின் நிலையம், 1990-களில் வந்த வடசென்னை அனல் மின் நிலையம், 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம், 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகம் (இப்போது காமராசர் துறைமுகம்), அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், தெற்கே மணலித் தொழிற்பேட்டை. இவ்வளவுக்கும் நடுவில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று மீன்பிடித்துப் பிழைக்கிற ஊர்கள்.

கன உலோகம் என்றால் என்ன, எல்லாமே விஷமா?

இல்லை. கன உலோகம் என்பது அடர்த்தி அதிகமான உலோகம், அதில் ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றுக்கும் நம் உடம்பில் ஒரு வேலையும் கிடையாது. செம்பும் துத்தநாகமும் அப்படியில்லை, அளவோடு வேண்டும். இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு கிடையாது, செம்பு. அதனால் இறாலில் செம்பு இருக்கிறது என்று யாராவது அலறினால், அது இல்லாமல் இறாலே இல்லை என்று சொல்லிவிட்டு அளவு எவ்வளவு என்று கேளுங்கள். ஆர்சனிக் உண்மையில் உலோகமே இல்லை, ஆனாலும் இந்தப் பட்டியலில் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

இவ்வளவு உலோகம் எங்கிருந்து வருகிறது?

பல வழி இருக்கிறது. மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவு, நகரத்துச் சாக்கடை, துறைமுகத்தில் கப்பலின் அடிப்புறம் பாசி பிடிக்காமலிருக்க அடிக்கிற செம்பு கலந்த பெயிண்ட், சாலையிலிருந்து மழையில் அடித்து வருகிற தூசி. ஆனால் எண்ணூருக்கென்றே ஒரு தனிக் கதை உண்டு, அது அனல் மின் நிலையச் சாம்பல்.

நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்துக் கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி இங்கே வந்து இறங்குகிறது. 100 டன் எரித்தால் ஏறக்குறைய 40 டன் சாம்பல் என்று வையுங்கள். கரியில் இருந்த உலோகம் எரிந்து காணாமல் போகாது, ஆவியாகாததெல்லாம் அந்த 40 டன்னுக்குள் ஒடுங்கிக்கொள்ளும், அதாவது செறிவு இரண்டரை மடங்காகிவிடும். காட்மியம், ஆர்சனிக், செலினியம் போன்றவையும் ஈயத்தில் ஒரு பகுதியும் உலையின் சூட்டில் ஆவியாகி, புகை குளிரும்போது மிக நுண்ணிய சாம்பல் துகள்களின் மேல் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. எது காற்றிலும் நீரிலும் அதிக தூரம் போகுமோ அதன் மேல்தான் சரக்கு அதிகம், அதுவும் வெளித்தோலில்.

இந்தச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழம்பாக்கிக் குழாய் வழியே செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். பழைய குழாய் ஓட்டை விழும், அடைப்பார்கள், இன்னொரு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் இப்படி ஒழுகியதில் ஆற்றின் அடியே மேடாகிவிட்டது. வற்றத்தில், அதாவது ஓதம் வடிந்து நீர் இறங்கினதும், சாம்பல் நிறத்தில் திட்டு திட்டாகத் தலைகாட்டும், கால் வைத்தால் சேறு மாதிரி வழுக்காது, சிமெண்ட் குழைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும்.

அது சாம்பல்தானா, வெறும் வண்டலா என்று சந்தேகமா? ஒரு சிட்டிகை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். களிமண் தகடு தகடாக இருக்கும், மணல் மூலை உடைந்த கல்லாக இருக்கும். உலைச் சாம்பல் மட்டும் கண்ணாடி கோலிக்குண்டு மாதிரி உருண்டை உருண்டையாக மின்னும், ஏனென்றால் அது உருகிப் பறந்துகொண்டிருக்கும்போதே உறைந்த துளி. அதில் சில உள்ளே காலியாக இருக்கும், அவைதான் சாம்பல் குளத்தின் மேல் வெள்ளை நுரை போல மிதப்பவை.

அரசு ரிப்போர்ட்டில் தண்ணீர் வரம்புக்குள் இருப்பதாகத்தானே போடுகிறார்கள்?

பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. பார்த்த இடம் தப்பு.

உலோகம் தண்ணீரில் தங்குவதில்லை. ஆற்று நீர் உப்பு நீரைத் தொட்டதும் அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கீழே இறங்கும், பால் திரிவது போல. அந்தத் துகள்களின் மேல் ஒட்டியிருக்கிற உலோகமும் கூடவே இறங்கிவிடும். அலையாத்திக் கரையில் வேர்கள் நீரோட்டத்தைத் தடுப்பதால் இன்னும் அதிகமாகப் படியும். கீழே போனபின் அங்கே காற்றே இல்லை. கடல்நீரில் கரைந்திருக்கிற சல்ஃபேட்டைப் பாக்டீரியா மூச்சாகப் பயன்படுத்திச் சல்ஃபைடாக மாற்றுகிறது, அழுகின முட்டை நாற்றம் அதனால்தான், சேறு கன்னங்கரேலென்று இருப்பதும் அதனால்தான். ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம், பாதரசம் எல்லாம் இந்தச் சல்ஃபைடோடு சேர்ந்து கரையாத உப்பாக உறைந்துவிடும்.

முடிவு என்னவென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் மைக்ரோகிராம் கணக்கில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஈயம், அதே இடத்துச் சேற்றில் ஒரு கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் பத்து இருபது என்று சாதாரணமாகக் கிடைக்கும். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். அப்புறம், ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிற இடத்தில் காலை பத்து மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து "இந்த ஆறு சுத்தம்" என்பது, வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்த நேரம் பார்த்து வீட்டுச் சாக்கடையைச் சோதிப்பது மாதிரி. ரிப்போர்ட் கையில் கிடைத்தால் முதலில் சேறு எடுத்தார்களா, எத்தனை ஆழம் வரை எடுத்தார்கள் என்று பாருங்கள். அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தால் சேறு பழைய கணக்கு நோட்டு மாதிரி, எந்தக் காலத்தில் என்ன கொட்டினார்கள் என்று கீழிருந்து மேலே எழுதியிருக்கும்.

சேற்றுக்குள் உறைந்துவிட்டால் நல்லதுதானே, விட்டுவிடலாமே?

தொடாமல் விட்டால் பாதி சரி. ஆனால் யார் தொடாமல் விடுகிறார்கள்? கப்பலுக்கு ஆழம் வேண்டுமென்று தூர்வாருகிறார்கள், வாரிய சேற்றைக் கரையில் கொட்டுகிறார்கள். கறுப்புச் சேறு வெயிலும் காற்றும் பட்டால் சில நாளில் செம்பழுப்பாக மாறும், பார்த்திருப்பீர்கள். சல்ஃபைடு ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாகிறது, பிடித்துவைத்திருந்த உலோகத்தை விட்டுவிடுகிறது, அடுத்த மழையில் அது ஆற்றுக்கே திரும்புகிறது. புயல் வெள்ளமும் இதே வேலையைக் கொஞ்சம் செய்யும்.

தொடாவிட்டாலும் சேறு செத்த பொருள் கிடையாது. புழு துளைக்கும், நண்டு வளை தோண்டும், இவையெல்லாம் காற்றை உள்ளே கொண்டுபோகும். ஆர்சனிக் வேறு நேர்மாறாக நடக்கும்: காற்றிருக்கும்போது இரும்புத் துருவில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, காற்றில்லாத ஆழத்தில் துரு கரையும்போது அதுவும் சேர்ந்து கரையும். பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக, அதாவது மீனுக்குள் ஏறுகிற வடிவமாக மாற்றுவதில் முக்கியப் பங்கும் அந்தச் சல்ஃபேட் பாக்டீரியாவுக்குத்தான். ஒரு கையால் அடைத்து வைக்கும், மறு கையால் திறந்துவிடும்.

அலையாத்தி மரங்கள் உலோகத்தை உறிஞ்சி ஆற்றைச் சுத்தம் செய்யுமாமே?

மரம் நடும் விழாக்களில் இதைச் சொல்லாத மேடை இல்லை. நடுவதை நான் குறை சொல்லவில்லை, காரணம் தப்பு என்கிறேன்.

வெண்கண்டலின் மூச்சுவேர் காற்றை உள்ளே இழுத்து வேர் நுனி வரை அனுப்பும். அதில் கொஞ்சம் சேற்றுக்குள் கசியும். சேற்றைக் கழுவிவிட்டு ஓர் இளம் வேரைப் பார்த்தால், சுற்றிலும் கறுப்பாக இருக்க வேர் மேல் மட்டும் துருவேறின ஆணி போல ஒரு செம்பழுப்புப் பூச்சு தெரியும். அந்தத் துரு உலோகத்தைப் பிடித்து மரத்துக்குள் போகவிடாமல் தடுக்கிறது. ஈயம் போன்றவை உள்ளே போனாலும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், செம்பும் துத்தநாகமும் மரத்துக்கே தேவைப்படுவதால் கொஞ்சம் இலை வரை ஏறும். ஆக இந்த மரம் உலோகத்தை உறிஞ்சி வெளியேற்றுவதைவிட, இருக்கிற இடத்திலேயே பிடித்துவைக்கிற வேலையைத்தான் அதிகம் செய்கிறது. அதுவே பெரிய வேலை. மரத்தை வெட்டினால் வேர் அழுகி, சேறு கரைந்து, வருஷக்கணக்கில் சேர்த்துவைத்ததெல்லாம் கிளம்பிவிடும்.

இலைக்கு ஏறின கொஞ்சத்தையும் மறக்க வேண்டாம். இலை உதிரும், நண்டு தின்னும், நண்டை மீன் தின்னும். கரையோரம் ஆடு மாடு வெண்கண்டல் தழையை விரும்பி மேயும், உப்பு ருசி.

அப்போது எண்ணூர் மீன் சாப்பிடலாமா, கூடாதா?

எந்த மீன், எந்தப் பாகம், வாரத்துக்கு எத்தனை தடவை என்று கேட்காமல் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

மட்டி வகையில்தான் எனக்குப் பயம் அதிகம். அது நாளெல்லாம் நீரை வடிகட்டித் தின்கிற ஜீவன், சாம்பல் துகளும் சேர்ந்து போகும், இடம் மாறவும் முடியாது. கழிமுகத்துக்குள் பொறுக்கின மட்டியை நான் சாப்பிட மாட்டேன். நண்டும் இறாலும் சேற்றிலேயே கிடப்பவை, ஆனால் அவற்றில் காட்மியம் முக்கியமாகச் சேருவது சதையில் இல்லை, நண்டு ஓட்டுக்குள் இருக்கிற அந்த மஞ்சள்பழுப்புக் குழம்பிலும் இறால் தலையிலும்தான். நண்டுக் குழம்புக்கு ருசியே அதுதான் என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். ஆனாலும் அதை எடுத்துப் போட்டுவிடுங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். மடவை மாதிரி மீனில் குடல், ஈரலை ஒழுங்காகச் சுத்தம் செய்தால் சதையில் ஈயமும் காட்மியமும் பொதுவாகக் குறைவு.

பாதரசம் மட்டும் வேறு கணக்கு. அது சதையில் சேரும், சின்னதைப் பெரியது தின்னத் தின்ன மேலே மேலே ஏறும். அதனால் பெரிய கொடுவாயைவிடச் சின்ன மீன் நல்லது. கர்ப்பமாக இருப்பவர்கள் பெரிய, வயதான வேட்டை மீன்களைத் தவிர்ப்பது எந்த ஊர் மீனாக இருந்தாலும் நல்ல பழக்கம்.

இன்னொன்று. எண்ணூர் மீனவர்கள் பிடிப்பதெல்லாம் ஆற்றில் பிடிப்பதில்லை, கடலுக்கும் போகிறார்கள். ஒரு செய்தி வந்ததும் அத்தனை கூடைக்கும் விலை விழுகிறது. சாம்பலைக் கொட்டினவர்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை.

கொதிக்கவைத்தால், மஞ்சள் போட்டுக் கழுவினால் போகுமா?

போகாது. கிருமி சாகும், உலோகம் சாகாது. பொரித்தால் தண்ணீர் சுண்டி எடைக்கு எடை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

செய்தியில் "அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு" என்று போட்டால் எப்படிப் புரிந்துகொள்வது?

மூன்று இடத்தில் ஏமாறலாம். ஆய்வகத்தில் மீனைக் காயவைத்துப் பொடித்துத்தான் அளப்பார்கள். மீனிலும் இறாலிலும் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், காய்ந்த எடைக்குச் சொன்ன எண் பச்சை எடைக்குச் சொல்வதைப் போல நான்கைந்து மடங்கு இருக்கும். உணவு வரம்போ பச்சை எடைக்கு: சர்வதேசத் தரத்தில் மீனில் ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். காய்ந்த எடையில் 1 என்று வந்த எண்ணை இந்த 0.3-உடன் ஒப்பிட்டுத் தலைப்பு போட்டால் மூன்று மடங்கு ஆகிவிடும், பச்சை எடைக்கு மாற்றிப் பார்த்தால் வரம்புக்குள்தான் இருக்கும்.

அடுத்தது ஆர்சனிக். கடல் மீனில் அது எப்போதும் அதிகம், ஆனால் பெரும்பகுதி ஆர்சினோபீட்டெய்ன் என்ற வடிவில், அது சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். விஷமான வடிவம் கனிம ஆர்சனிக், அது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தான் அர்த்தம்.

மூன்றாவது எதிர்த்திசையில் ஏமாற்றுவது. சேற்றில் இயற்கையாக இருக்கிற உலோகத்தைக் கழிப்பதற்கு அலுமினியத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள், நல்ல முறைதான். ஆனால் உலைச் சாம்பலே அலுமினியம் நிறைந்தது. சாம்பல் கொட்டின இடத்தில் அந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் மாசு குறைவாகத் தெரியும்.

ஜப்பானில் மினமாட்டாவில் நடந்தது இங்கேயும் நடக்குமா?

அதே மாதிரி என்றால், வாய்ப்பு மிகக் குறைவு. மினமாட்டாவில் சிஸ்ஸோ என்ற நிறுவனத்தின் ஆலையில் அசிட்டால்டிஹைடு செய்யும்போது மீத்தைல் பாதரசமே நேரடியாக உருவாகி, 1932-லிருந்து 1968 வரை கடலுக்குள் போனது. அந்தக் கடல் மீனைத் தின்றவர்களுக்கு வந்த நரம்பு நோய் அதிகாரபூர்வமாக அடையாளம் காணப்பட்டது 1956-ல். எண்ணூரில் பாதரசம் கரியிலிருந்து வருவது, அதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். இங்கே பயப்பட வேண்டியது மெதுவாகச் சேருகிற சின்னச் சின்ன அளவுகள். காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் பத்து முப்பது வருஷம் இருக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை, அதுவும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் தெரிகிற பாதிப்பு. படுக்கையில் விழுகிற நோயாக இல்லாமல் பள்ளிக்கூட மார்க்கில் தெரிகிற நோய் என்பதால் யாரும் கேஸ் எழுதுவதில்லை.

2017, 2023 எண்ணெய்க் கசிவும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் ஆற்றுக்குள் வந்தது. எண்ணெயில் வனேடியமும் நிக்கலும் கொஞ்சம் உண்டு என்றாலும் அதன் முதல் கேடு ஹைட்ரோகார்பன்கள். மூச்சுவேர் மேல் எண்ணெய் பூசினால் மரத்துக்கு மூச்சே முட்டும்.

நீதிமன்றம் ஒன்றும் செய்யவில்லையா?

மீனவர்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள், நிபுணர் குழு போட்டார்கள், 2022-ல் உத்தரவும் வந்தது. சாம்பலை முழுக்கப் பயன்படுத்த வேண்டும் என்ற மத்திய அரசின் அறிவிப்பு முதலில் வந்தது 1999-ல், திரும்ப ஒரு தடவை 2021 கடைசி நாளில். இரண்டு அறிவிப்புக்கும் இடையில் 22 வருஷச் சாம்பல் இருக்கிறது.

வாரி எடுத்தால் சுத்தமாகிவிடாதா?

மினமாட்டாவில் செய்தார்கள். 1977-லிருந்து 1990 வரை பிடித்தது. மாசுச் சேற்றை உறிஞ்சி எடுத்து, தடுப்புச் சுவருக்குள் கொட்டி மூடி, 58 ஹெக்டேர் புது நிலமாக ஆக்கினார்கள். வேலை நடந்த காலமெல்லாம் மாசு மீன் வெளியே போகாதபடி வளைகுடாவில் வலை கட்டியிருந்தார்கள், அதை அவிழ்த்தது 1997-ல். அந்த மாதிரி வாரினால் சரி. பொக்லைனை இறக்கி அள்ளி அலையாத்திக் கரை மேலேயே குவிப்பதற்குப் பெயர் சுத்தம் செய்வதில்லை, முன்னால் சொன்ன அமிலக் கதைதான். சாம்பல் திட்டைப் பொறுத்தவரை வாரித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது நீரோட்டத்தையே அடைக்கிறது. ஆனால் முதலில் குழாய் ஒழுகுவது நிற்க வேண்டும்.

அங்கே யாருக்குப் பாதிப்பு அதிகம்?

ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு. இருளர்கள் பலருக்கு இதுதான் தொழில். பனையோலைப் பறியை, அதாவது மீன் போடும் கூடையை, பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் மணிக்கணக்கில் சேற்றைத் துழாவுவார்கள். பிடித்ததில் விலை போகாததை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், அதாவது தினமும் ஆற்று மீன் தின்பவர்களும் அவர்களே.

மீனவர் வீடுகளுக்கு இன்னொன்று உண்டு, இதை ஆலை மேல் போட முடியாது. வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு. பழைய ஈயத்தைச் சட்டியில் போட்டு உருக்கி வார்ப்பது வீட்டு முற்றத்தில் நடந்தால் அந்தப் புகையும் பொடியும் குழந்தைகள் விளையாடுகிற மண்ணில்தான் விழும். குண்டை வலையில் வைத்துப் பல்லால் கடித்து இறுக்குகிறவர்களும் உண்டு. கொறடு வாங்கிக்கொள்ளுங்கள். உருக்குவதை வீட்டை விட்டுத் தள்ளி வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், வலை வேலை முடித்துக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள், சமைக்கிற சட்டியை மட்டும் அதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.